ஓரத்துச் சுற்று

செர்ரி வைத்துச் செய்திருக்கிறாள், அதுதான் இடிக்கிறது… உருளைக்கிழங்கு வைத்த வரேனிகிக் கொழுக்கட்டை என்றால் யுஹிம் ஒன்றும் நினைத்திருக்க மாட்டார், அது வாரம் தவறாமல் செய்வது. போன கோடையில் ஜாடியில் அடைத்து, பேத்தி வந்தால்தான் திறப்பேன் என்று நிலவறையில் பூட்டி வைத்திருந்த செர்ரியை இன்றைக்கென்று பார்த்து எடுத்து, மாவுக்குள் வைத்து மூடி, வேகவைத்து, மேலே புளித்த பாலாடையும் ஊற்றி, சூடு ஆறாமல் துண்டில் சுற்றி இந்த விமானத் திடல் வரைக்கும் சுமந்து வந்திருக்கிறாள் என்றால், யாருக்கு ஐஸ் வைக்க? பெண்டாட்டி ரயீசா இங்கே வந்து எவ்வளவு காலம் ஆயிற்று, "அந்தத் தகரமும் நீயும் ஆச்சு" என்று சொல்லிவிட்டு வீட்டில் பீட்ரூட் நறுக்கிக்கொண்டிருப்பவள் அல்லவா, இன்றைக்கு மட்டும் தலைக்குப் பூப்போட்ட துணி கட்டிக்கொண்டு கூடவே கிளம்பினாள். இதோ, கவிழ்த்துப் போட்ட பெட்டிமேல் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறிக்கிறாள், தோலை உள்ளங்கையில் சேர்க்கிறாள், கண் மட்டும் விமானி இருக்கையில் உட்கார்ந்திருக்கும் இவர்மேலேயே. இருக்கை இடப்பக்கம் சரிந்திருக்கிறது, விமானமே சரிந்திருக்கிறதே, இடது சக்கரத்துக் கால் மடங்கி, அந்தப் பக்கத்து இறக்கை நுனி நசுங்கி, முன்னால் விசிறி வளைந்து, போன செப்டம்பரிலிருந்து கொட்டகைக்குள் நொண்டிக்கொண்டு நிற்கிறது. இன்றைக்கு லாரி வரும். நெடுஞ்சாலையில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ருஸ்லான் வருவான், இந்த யாக் விமானத்தைக் கொடுக்கிறீர்களா இல்லையா என்று கேட்பான், இவர் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கொடுத்தால் கடை வாசலில் கம்பத்தில் ஏற்றி நிறுத்துவானாம், இறக்கைக்கு அடியில் மேஜை போடுவானாம். கொடுக்காவிட்டால் பனாஸ்தான் பழுது பார்க்க வேண்டும். பனாஸை எப்படி நம்புவது?

பனாஸ், அதோ கொட்டகைக் கதவுக்குப் பக்கத்தில் நின்று பற்றவைக்காத சிகரெட்டை உருட்டிக்கொண்டிருக்கிறானே, அவன். கூட்டுப்பண்ணை வயல்களுக்கு மேலே மருந்து தெளித்த காலத்திலிருந்து இவர் ஓட்டுவார், அவன் கழற்றுவான், மாட்டுவான். இவர் மகளுக்கு ஞானத்தகப்பன், அதனால் ஒருவரையொருவர் கூம் என்றுதான் கூப்பிடுவார்கள், கூடப்பிறந்தவனைவிட ஒரு படி கூடுதல் உறவு அது. பண்ணையைக் கலைத்தபோது எலி குட்டி போட்டுக் கிடந்த இந்த யாக் விமானத்தை இரண்டு பேரும் சேர்ந்துதான் இறக்கைத் துணி மாற்றி, வர்ணம் அடித்து, மறுபடி பறக்க வைத்தார்கள். எல்லாம் சரி, ஆனால் விபத்துக்கு முந்தின நாள் இடது சக்கரத்து பிரேக்கைப் பிரித்தது யார்? இவர் பிரிக்கச் சொன்னாரா? "கொஞ்சம் இறுக்கமா இருக்கு கூமே, ஒரு பார்வை பாத்துடறேன்" என்று தானாகவே வந்து குந்தி உட்கார்ந்தான். மறுநாள் இறங்கும்போது அதே இடது பக்கம்தான் கவ்விக்கொண்டது, விமானம் அப்படியே சுழன்றது, புல் கண்ணாடியில் அடித்தது… தற்செயலாம். தற்செயல் என்றால் அந்த வார்த்தை ஏன் வந்தது? கடைசி. விமானி வாயில் எடுக்காத வார்த்தை. கடைசிப் பறப்பு என்று சொல்லிவிட்டு ஏறியவன் சொன்னபடியே முடித்துக்கொண்டான் என்று திடலுக்குத் திடல் கதை உண்டு, அதனால் ஓரம் என்பார்கள், ஓரத்துப் பறப்பு, ஓரத்துச் சுற்று, ஓரம் என்றால் அதற்கப்புறமும் கொஞ்சம் இடம் இருக்கும் போலத் தோன்றும் அல்லவா. ஒவ்வொரு தடவையும் இறக்கைக்கு அடியில் நின்று பனாஸ் கேட்பான், இது எந்தச் சுற்று கூமே என்று, இவர் ஓரம் என்பார், அவன் சக்கரத்துக் கட்டையை உருவுவான். அன்றைக்குக் காலையில் அந்த இடத்தில் 'கடைசி' என்று காதில் விழுந்தது. பனாஸின் முகம் வெளுத்ததை இவரே பார்த்தார். திட்டத்தை வாய் தவறி உளறிவிட்டவனுக்கு வேறு எப்படி வெளுக்கும்?

அவளுக்கும் இதில் பங்கு உண்டு. அந்த வார்த்தையின் கனம் ரயீசாவுக்குத் தெரியாததா, அவளைச் சந்தித்ததே அதில்தானே… பொல்தாவா நகரத்தில் செருப்புக் கடை வரிசை, வெளிநாட்டு பூட்ஸ் வந்திருக்கிறது என்று யாரோ கிளப்பிவிட்டு ஊரே நின்றது, பின்னாலிருந்து ஒரு குரல், யார் கடைசி என்று. ஓரம் நான்தான் என்று இவர் திரும்பினார். "ஏன், கடைசின்னு சொன்னா நாக்கு வெந்துடுமா?" என்றாள். வெந்துவிடும் என்றார். பூட்ஸ் தீர்ந்துபோயிற்று, கல்யாணம் ஆயிற்று. அன்றிலிருந்து அவளும் சொல்வதில்லை, தட்டில் மிஞ்சின ரொட்டியைக்கூட ஓரத்துண்டு என்பாள், மாதக் கடைசியை மாத ஓரம் என்று சொல்லி தபால்காரியிடம் கேலி வாங்கினாள். அப்படிப்பட்டவள் விபத்து நடந்த அன்று காலை, இவர் வாசல் தாண்டினதும் தாண்டாததுமாக பனாஸுக்கு போன் போட்டிருக்கிறாள். இவரிடம் அவள் சொல்லவில்லை, பனாஸும் சொல்லவில்லை, பனாஸின் பெண்டாட்டிதான் கிறிஸ்துமஸ் விருந்தில் ஒரு வாய் ஊற்றிக்கொண்டதும் கொட்டினாள்: "உன் ரயீசா போன் பண்ணினதும் பண்ணினா, இந்த மனுஷன் தட்டுல போட்ட முட்டைய அப்படியே வெச்சுட்டு சைக்கிள எடுத்துக்கிட்டு ஓடினாரு." எதற்கு ஓடினான்? பிரேக்கில் செய்த வேலை சரியாக இருக்கிறதா என்று பார்க்கவா? அதற்கப்புறம் பாருங்கள், இவருடைய பொருள் ஒவ்வொன்றாக நழுவுகிறது. வேட்டைத் துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டுத் தருகிறேன் என்று மருமகன் கொண்டு போனான், குளிர் முடிந்து கோழி முட்டையிட ஆரம்பித்தாயிற்று, துப்பாக்கி வரவில்லை. கொட்டகைச் சாவி பனாஸ் இடுப்பில். தூக்க மாத்திரை டப்பாவை ரயீசா எங்கேயோ வைத்துக்கொண்டு பிள்ளைக்கு மிட்டாய் கொடுப்பதுபோல ஒன்று ஒன்றாகக் கொடுக்கிறாள். ஏன் என்று கேட்டால், "உனக்குத்தான் கண்ணு சரியா தெரியலையே கிழவா, எண்ணி எடுக்கத் தெரியுமா?" துப்பாக்கி, சாவி, மாத்திரை, இன்றைக்கு விமானம், நாளைக்கு வீட்டைவிட்டே கிளப்பிவிடுவார்கள் போலிருக்கிறது.

கண்ணு சரியா தெரியலையே… அவளுக்கு யார் சொன்னது? அந்தப் பெண் டாக்டரா? விபத்துக்கு முந்தின வாரம் பறக்கும் உரிமத்தைப் புதுப்பிக்கக் கண் பரிசோதனைக்குப் போனதையே இவர் யாரிடமும் சொல்லவில்லை, முடிவெட்டப் போகிறேன் என்றுதான் பஸ் ஏறினார். எப்போதும் போகிற இடம்தான், எப்போதும் தொங்குகிற எழுத்து அட்டைதான், ஷா, பே, அடுத்த வரி எம், என், கா, இந்த நாட்டில் அதை மனப்பாடம் பண்ணாத ஓட்டுநர் உண்டா, விமானி உண்டா, தூக்கத்தில் தட்டி எழுப்பினாலும் அடிவரி வரைக்கும் ஒப்பிப்பார். போன தடவைவரை இருந்த கிழ டாக்டர் அட்டையைப் பார்க்கக்கூட மாட்டார், ஜன்னல் வழியே தன் காரைப் பார்த்துக்கொண்டே முத்திரை குத்துவார். இவள் புதுசு. எழுத்து இருக்கிற பாதியைக் கையால் மறைத்தாள். மறைத்துவிட்டு மறுபாதியைக் காட்டினாள், வளையங்கள், எந்தப் பக்கம் வாய் திறந்திருக்கிறது சொல்லுங்கள் என்றாள். அத்தனை வருஷமும் அந்த அட்டையில் வளையம் இருந்தது, ஒருவனும் வளையத்தை மனப்பாடம் பண்ணவில்லை… இவர் வலது என்றார், மேலே என்றார், அவள் எழுதிக்கொண்டிருந்தாள், "தாத்தா, இந்த மாசம் முடியற வரைக்கும் பழைய உரிமம் இருக்கு, ஆனா நீங்களே பறக்காம இருந்துட்டா நல்லது" என்றாள். தாத்தாவாம். திரும்பி வரும்போது முடிவெட்டிக்கொள்ள மறந்துவிட்டார், ரயீசா பின்கழுத்தைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததுதான் சந்தேகம்.

லாரிச் சத்தம். ருஸ்லான் குதித்து இறங்கினான், தோல் ஜாக்கெட், வாய் நிறைய சூயிங்கம். "கும்பிடறேன் யுஹிம் ஐயா, உள்ளேயே உக்காந்துட்டீங்களா, உங்களையும் சேர்த்துத்தான் கம்பத்துல ஏத்தணுமா?" அவன் சிரித்தான், வேறு யாரும் சிரிக்கவில்லை. இறக்கையைத் தட்டிப் பார்த்தான், குதிரைச் சந்தையில் குதிரையைத் தட்டுவதுபோல, இந்த இடத்துல ஒரு மேஜை, அந்த இடத்துல ஒரு மேஜை, மழை பெஞ்சாலும் நனையாது, சாஷ்லிக் கறி சுடற அடுப்பு வால் பக்கம். "என்ன, ஏத்தலாமா?" பனாஸ் கீழே பார்த்தான். ரயீசா விதை கொறிப்பதை நிறுத்தினாள். பாருங்கள், இரண்டு பேரும் காத்திருக்கிறார்கள், வேட்டை முடிகிற நேரம் என்று. யுஹிமுக்குத் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது, இனி எதற்கு மறைப்பது? "ஏத்திக்கோ தம்பி, நல்ல விமானம்தான். பிரேக் கவ்வினதாலதான் இந்தக் கதி. கவ்வ வெச்சவர் அதோ நிக்கிறார், போன் பண்ணி ஏவினவங்க இதோ பெட்டிமேல உக்காந்திருக்காங்க. வேணும்னா அவங்ககிட்டயே விலை பேசிக்கோ."

ருஸ்லானின் வாய் மெல்லுவதை நிறுத்தியது. லாரியில் கயிறு எடுத்து வருகிறேன் என்று மெல்ல நழுவினான், புத்திசாலிப் பயல். ரயீசா எழுந்தாள், உள்ளங்கையில் சேர்த்த தோலெல்லாம் தரையில் சிதறியது. கத்துவாள் என்று இவர் எதிர்பார்த்தார், கத்தவில்லை, விமானத்துக்குப் பக்கத்தில் வந்து, உடைந்த சக்கரக் காலைத் தாண்டி, கதவு விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஏவினேனா? அன்னிக்கு வாசப்படியில பூட்ஸ் மாட்டும்போது என்ன சொன்னே, ஞாபகம் இருக்கா? சாப்பாட்டுக்கு வந்துடுவியான்னு கேட்டேன். கடைசியா ஒரு சுத்து போயிட்டு வரேன்னே. வரேன்னு சொன்னதுகூட சரியா காதுல விழல, கடைசிங்கறது மட்டும்தான் விழுந்துச்சு. அந்த வரிசையில நின்ன நாள்லேர்ந்து உன் வாயில அத நான் கேட்டதில்ல. கரண்டியப் போட்டுட்டு ஓடினேன். அவன விடாதேன்னு பனாஸுக்கு போன் பண்ணேன், வேற யாருக்குப் பண்ணுவேன்?" அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பனாஸ் அங்கிருந்தே பேசினான், சிகரெட்டிடம் பேசுவதுபோல. "நான் வரும்போது நீ எஞ்சினை ஓட விட்டாச்சு. எந்தச் சுத்து கூமேன்னு கேட்டேன். என்கிட்டயும் அதையேதான் சொன்னே. கட்டையை நான் உருவியிருக்கக் கூடாது, உருவிட்டேன்." சிகரெட்டை மறு கைக்கு மாற்றினான். "பிரேக்ல ஒண்ணுமில்ல. அப்புறமா பிரிச்சுப் பாத்தேன், வெண்ணெய் மாதிரி ஓடுது. நீ விமானத்து மூக்கைத் தூக்கவே இல்ல கூமே. தரை வர்ற வரைக்கும் அப்படியே வந்தே. நான் பாத்துக்கிட்டே நின்னேன். பிரேக்குன்னு நீ சொன்னே, சரி, என் பேரு கெட்டா கெடட்டும்னு நானும் ஆமான்னுட்டேன்."

நானா சொன்னேன்… அந்தச் சொல்லைக் காதில் கேட்டது நிஜம், வெளுத்த முகத்தைப் பார்த்தது நிஜம், ஆனால் யார் வாயிலிருந்து வந்தது? நாக்கின் மேல் அதைத் தேடிப் பார்க்கிறார், பூட்ஸ் நாடா ஞாபகம் வருகிறது, அவள் கையில் கரண்டி இருந்தது ஞாபகம் வருகிறது, நடுவில் இருந்த வாக்கியம் மட்டும் வரவில்லை. அப்படியானால் துப்பாக்கி… அப்படியானால் சாவி, மாத்திரை, முடிவெட்டிக்கொள்ளாத கழுத்தைப் பார்த்தது, குளிர்காலம் முழுக்க ஆப்பிள் மரத்தைக் கழிக்கப் போனால்கூட ஜன்னலில் அவள் முகம் தெரிந்தது, எல்லாம் திருட்டு இல்லை. இவர் அவர்களைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த அத்தனை நாளும் அவர்கள் இவரைச் சந்தேகப்பட்டிருக்கிறார்கள், தன்னை முடித்துக்கொள்வாரோ என்று. வெட்கமாக இருந்தது, வெட்கத்தைவிடப் பயமாக இருந்தது. செர்ரிகூட அதற்குத்தான், ஆசை காட்டி வீட்டுக்குத் திருப்பிக் கூட்டிப்போகத்தான், பைத்தியக்காரி. ஒரு பதில் கையில் இருக்கிறது, அதைச் சொன்னார், டாக்டரைப் பற்றி, வளையங்களைப் பற்றி, "தரை எங்க இருக்குன்னு தெரியல ரயீசா, மங்கலா இருந்துச்சு, கண்ணுதான், வேற ஒண்ணுமில்ல" என்று. அவள் அதை அப்படியே இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள், ஆமாம், கண்ணுதான், எனக்குத் தெரியாதா, உப்பு டப்பாவையும் சர்க்கரை டப்பாவையும் மாத்தறவன்தானே என்று அழுதுகொண்டே திட்டினாள். பனாஸ் முதல் தடவையாக சிகரெட்டைப் பற்றவைத்தான். ஆனால் மங்கலாகவா இருந்தது? அன்றைக்கு இறங்கும்போது பீட்ரூட் வயலில் ஒரு பெண் நிமிர்ந்து கையால் வெயிலை மறைத்துக்கொண்டு பார்த்தாளே, அவள் கழுத்துத் துணி சிவப்பு என்றுகூடத் தெரிந்ததே, பின் தரை எப்படித் தெரியாமல் போகும்… கை பிடியின் மேல் இருந்தது, இழுக்க வேண்டிய நேரம் வந்தது, கை சும்மா இருந்தது, சத்தமில்லாமல் நன்றாகத்தான் இருந்தது.

"தம்பி, கயிறைக் கொண்டா" என்று யுஹிம் லாரிப் பக்கம் குரல் கொடுத்தார். "கொண்டு போ. அடுப்பை மட்டும் வால்கிட்ட வைக்காதே, துணி பத்திக்கும்." சொன்னதும் நெஞ்சு வலித்தது, பல் பிடுங்கின இடம் மாதிரி, ஆனாலும் சொன்னதை மாற்றிக்கொள்ளத் தோன்றவில்லை. அந்த இருக்கையில் இன்னொரு தடவை உட்காரத் தன்னை விடுவதற்கு இவருக்கே தைரியம் இல்லை, அதை ருஸ்லானிடம் எப்படிச் சொல்வது? பனாஸ் இறக்கையைக் கழற்ற ஸ்பேனர் பையோடு வந்து இறக்கைக்கு அடியில் நின்றான், பழைய இடம், இறக்கைத் தாங்கியின் திருகாணியில் ஸ்பேனரை மாட்டினான், திருகவில்லை. "இது எந்தச் சுத்து கூமே?" என்றான். இறங்கப்போகிறவரிடம் கேட்கிற கேள்வியா அது, விமானம் எங்கே போகப் போகிறது, சாப்பாட்டுக் கடைக்கு… ரயீசாவின் கை கதவு விளிம்பில் இறுகியது. ஓ, இவர்கள் கேட்பது விமானத்தைப் பற்றி இல்லை. "ஓரம்" என்றார் யுஹிம், நன்றாகக் கேட்கும்படி. பனாஸ் தலையாட்டிவிட்டு ஆணியைத் திருகினான், ரயீசா மூச்சை விட்டு, வரேனிகி ஆறிப்போகுது, இறங்கு என்றாள், இரண்டு பேரும் அந்தச் சொல்லை நம்பிவிட்டார்கள், நம்பும்படியாகத்தான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னது தன் குரல்தான், அதை இன்னும் கொஞ்ச நாளைக்கு ஒரு கண் வைத்துப் பார்க்க வேண்டும் என்று நினைத்தபடி, அவர் சரிந்த பக்கமாகக் காலைத் தொங்கவிட்டுத் தரையைத் தேடினார்.