மாடி வீட்டு வட்டக் கண்ணாடி

மாமனார் இரண்டு மருமகள்களுக்கும் ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே மாதிரி வாஷிங் மெஷின் வாங்கிக் கொடுத்தார். "ஒரு கண்ணுல வெண்ணெய், ஒரு கண்ணுல சுண்ணாம்புன்னு நாளைக்கு யாரும் பேசக் கூடாது" என்றார். மாடியில் பெரியவளுக்கு ஒன்று, கீழே சின்னவளுக்கு ஒன்று. இரண்டும் சாம்பல் நிறம். இரண்டுக்கும் மேலே திறக்கும் மூடி. வீடு அமைதியாக இருந்தது.

பிறகு மாடி மெஷினின் மோட்டார் கருகியது. கம்பெனி அந்த மாடலையே நிறுத்திவிட்டதால் வேறு மோட்டார் கிடைக்கவில்லை. பெரியவள் விடுகிற ஆளா?

"வாரண்டி இருக்கறப்ப சரி பண்ண முடியலன்னா புதுசு தரணும், இல்ல பணத்தைத் திருப்பித் தரணும். இது தர்மம் இல்ல தம்பி, என் உரிமை" என்று அவள் போனில் பேசியது கீழே சமையலறை வரை கேட்டது.

புதியது வந்தது. முன்பக்கம் வட்டமாகக் கண்ணாடிக் கதவு. அதற்குப் பின்னால் துணிகள் நுரையில் புரண்டு புரண்டு எழுந்தன. சின்னவளுக்கு அது கப்பலின் ஜன்னல் போலத் தெரிந்தது. அவள் கப்பலில் போனதில்லை. போக ஆசைப்பட்டதும் இல்லை. இப்போது ஆசையாக இருந்தது.

"எப்படி இருக்கு?" என்றாள் பெரியவள்.

"நல்லாதான் இருக்குக்கா. ஆனா கண்ணாடியில கறை படியும். தினம் துடைக்கணும்."

"துடைச்சுட்டாப் போச்சு" என்று பெரியவள் அப்போதே துடைத்தாள்.

துவைத்து முடித்ததும் அந்த மெஷின் சின்னதாக ஒரு இசை வாசிக்கும். அது மாடியிலிருந்து இறங்கி வரும்போதெல்லாம் சின்னவளுக்கு வயிறு எரிந்தது. அவளுடைய மெஷின், மாமனார் நாற்காலியை விட்டு எழுவது போல ஒரு முனகலோடு நிற்கும்.

"நம்மளது நல்லாதானே ஓடுது?" என்றான் கணவன்.

"அதான் என் தலையெழுத்து."

அவள் மெஷினுக்குள் போர்வைகளைத் திணித்தாள். கால்மிதிகளைப் போட்டாள். கணவனின் ஷூக்களையும் போட்டாள். எல்லாவற்றையும் துவைத்துத் தந்துவிட்டுக் கல்லுக்குண்டு மாதிரி நின்றது அது. கடைசியில், இரண்டு தலையணை உறைகள் மட்டும் கிடந்த ஒரு சாதாரண காலையில், தானாகவே அணைந்துபோனது. சின்னவள் துள்ளிக் குதிக்காத குறை.

கம்பெனி மெக்கானிக் வந்து பின்பக்கத்தைக் கழற்றினார். "கால்மிதி, கீல்மிதி எதுவும் போட்டீங்களா மேடம்?"

"சேச்சே!"

"பாரத்தால இல்ல. உள்ள எலெக்ட்ரானிக் போர்டு போயிடுச்சு. இந்த போர்டும் இப்ப வர்றதில்ல."

கதவு திறக்க இடம் வேண்டுமே என்று சின்னவள் சோப்புக் கூடையை ஏற்கெனவே நகர்த்தி வைத்திருந்தாள். "அப்ப புதுசுதானே?"

"உங்க அதிர்ஷ்டத்தைப் பாருங்க. மாடி மெஷின்ல மோட்டார்தான் போச்சு, போர்டு நல்லா இருந்துச்சு. எங்க கிடங்குலதான் கிடக்கு. நாளைக்கே கொண்டுவந்து மாட்டிடறேன். சரிதானே?"

சின்னவள் தான் நகர்த்தி வைத்த சோப்புக் கூடையைப் பார்த்தாள். பெரியவளுக்குப் புதுசு. அவள் கழித்துப் போட்டது எனக்கா? வேண்டாம் என்று சொல்லலாமா, கூடாதா? அது தெரிந்த ஆள் இந்த வீட்டில் ஒருத்திதான். மெக்கானிக்கை உட்காரச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு படியையும் சபித்துக்கொண்டே மாடியேறினாள்.

"என் பழசை உனக்கு மாட்டறாங்களாமா?" பெரியவள் இடுப்பில் கை வைத்தாள். "பழைய பாகம் போடணும்னா உன் சம்மதம் வேணும். நீ தலையாட்டிட்டியா?"

"இல்லக்கா."

"ஆட்டாத. போனைக் குடு."

பெரியவள் கம்பெனிக்காரனைப் பிடிபிடியென்று பிடித்தாள். அவன் வழிக்கு வந்தான். பிறகு அவன் ஏதோ சொல்ல, அவள் பேச்சு சட்டென்று நின்றது. போனைக் கையால் மூடிக்கொண்டாள்.

"என்னோடது மாதிரி மெஷின் தீர்ந்துடுச்சாம். அதைவிடப் பெருசுதான் இருக்காம். உள்ள விளக்கு எரியுமாம்."

பெரியவளின் அந்த முகம் சின்னவளுக்குப் பழக்கமான முகம். மாடி இசை கேட்கும்போதெல்லாம் கைகழுவும் தொட்டிக்கு மேலிருந்த கண்ணாடியில் அவள் பார்த்த முகம். 'போர்டையே மாட்டுங்க' என்று பெரியவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் போய்விடும். பெரியவள் தன் மெஷினை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"சரி தம்பி, அதையே அனுப்புங்க" என்றாள். போனைக் கொஞ்சம் வேகமாகவே வைத்தாள். "கரண்ட் நிறைய இழுக்கும். பாத்துக்கோ."

புதிய மெஷின் வந்த அன்று சின்னவள் ஜன்னலைச் சாத்திவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்தாள். உள்ளே விளக்கு எரிந்தது. கணவனின் நீலச் சட்டை அலை மாதிரி எழுந்து விழுந்தது. மாடியில் இசை வாசித்து முடிந்தது. துணி எடுக்க யாரும் நடக்கிற சத்தம் இல்லை. மாறாகப் படிகளில் காலடி கேட்டது.

முகவாய் உயரத்துக்குக் கால்மிதிகளை அள்ளிக்கொண்டு வந்து நின்றாள் பெரியவள். "உன்னோடது பெருசுல்ல. ஒரு தடவை போட்டுப் பாக்கலாம்னு."

கால்மிதிகளை எதற்காகப் போடுவார்கள் என்று சின்னவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யார்?

"கனமானது போடக் கூடாதாம்க்கா."

"யார் சொன்னா?"

"மெக்கானிக்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சின்னவள் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உக்காருங்க. இப்ப அலசப் போகுது."

கால்மிதிகளை மடியிலேயே வைத்துக்கொண்டு பெரியவள் உட்கார்ந்தாள். நுரை வடிவதை நெடுநேரம் பார்த்தாள்.

"விளக்கு கொஞ்சம் மங்கல்தான்" என்றாள்.