மீட்டருக்கு ஒரு வாளி

மீட்டர்காரனுக்கு மூக்குக்கு மேல் கோபம் என்பது சுத்திகரிப்பு நிலையத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஆனால் இரண்டு மாதமாக அவன் யாரிடமும் எரிந்து விழவில்லை. யார் மீது விழுவது? தப்பு தன் பக்கம் இருக்கும்போது வாய் தானாக மூடிக்கொள்கிறது. அந்தத் தப்பு நீல நிறத்தில், கைப்பிடி ஒரு பக்கம் உடைந்த ஒரு பிளாஸ்டிக் வாளியாக அவன் கண்முன்னே உட்கார்ந்திருந்தது.

பதினாறு சாயத் தொழிற்சாலைகளின் கழிவுநீர் அங்கேதான் வந்து சேருகிறது. தொட்டி தொட்டியாக இறங்கி, நிறம் போய், நாற்றம் போய், கடைசி வாய்க்கால் வழியாக ஆற்றில் விழுகிறது. நிறமும் நாற்றமும் போனாலும் சாயம் ஒட்டுவதற்காகக் கொட்டிய உப்பு போகாது. அதைப் பிரிக்கத் தனி மெஷின் உண்டு. மிஞ்சியது எவ்வளவு என்று அளக்க வாய்க்காலில் மீட்டர் உண்டு. எண் இரண்டாயிரத்து நூறைத் தாண்டினால் திரை சிவப்பாகும். மேனேஜர் அறைத் திரை, மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துத் திரை, ஆற்றின் கீழே ஊருக்குக் குடிதண்ணீர் இறைக்கும் பம்ப் ஹவுஸின் திரை, மூன்றும் சேர்ந்து சிவக்கும். பம்ப் ஹவுஸில் இருப்பது அவன் மச்சினன், மனைவியின் தம்பி. சிவப்பைப் பார்த்தால் வால்வை மூடிவிட்டு, மேல்தொட்டியில் இருப்பு வைத்திருப்பதைத் திறந்துவிட வேண்டியது மச்சினன் வேலை.

உப்பு மெஷின் படுத்து இரண்டு மாதம் ஆகிறது. படுத்த மறுநாளே மேனேஜர் இவனைக் கூப்பிட்டார்.

"ஏன்யா, செவ்வாய்க்கிழமை மட்டும் திரையில கோடு இவ்வளவு அழகா இருக்கே, எப்படி?"

இவன் பெருமையாகவே சொன்னான். செவ்வாய் மீட்டர் கழுவும் நாள். வாய்க்கால் குழியைத் தேய்க்கும் நேரத்தில் மீட்டரின் முனை காய்ந்துவிடக் கூடாது என்று அதைக் குழாய்த் தண்ணீர் வாளியில் போட்டு வைப்பான். அது அவனாகவே கண்டுபிடித்த வழி.

"அப்ப இனிமே தினமும் செவ்வாய்க்கிழமைன்னு வச்சுக்க," என்றார் மேனேஜர்.

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். இவனும் சிரித்தான். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் அவனுக்குத் தன் வாயிலேயே ஒன்று போடலாம் போலிருக்கும்.

"மெஷினு ஒரு வாரத்துல சரியாயிடும்," என்றும் மேனேஜர் சொன்னார். வாரம் எட்டு போயிற்று. தினமும் காலையில் வாளியைக் கழுவி, குழாயில் புதுத் தண்ணீர் பிடித்து, மீட்டரின் முனையை அதில் இறக்குவது அவன் கையாலேயே நடந்தது. பக்கத்தில் வாய்க்கால் கண்ணாடி போலத் தெளிவாக, உப்பைச் சுமந்துகொண்டு ஓடியது. மழை பெய்து ஐந்து மாதம். ஆற்றில் ஓடியதில் கால்வாசிக்கு மேல் அந்த வாய்க்காலின் தண்ணீர்தான்.

இன்று காலை கிளம்பும்போது மனைவி ஒரு டம்ளரை அவன் முன்னால் வைத்தாள்.

"நீங்களே குடிச்சுப் பாருங்க. ஒரு வாரமா சொல்றேன், தண்ணி கரிக்குதுன்னு. பாப்பாவுக்கு நாலு நாளா வயித்தால போகுது. கண்ணு உள்ள போயிருச்சு, பார்த்தீங்களா?"

"கடையில கண்டதை வாங்கித் தின்னா போகாம என்ன செய்யும்? உன் நாக்குதான் செத்துப் போச்சு," என்று டம்ளரைத் தொடாமலே கிளம்பினான். நிலையத்தில் அவர்கள் குடிப்பது கேன் தண்ணீர். வீட்டில் அவன் குடிப்பது காலை டீ ஒன்று. அது நன்றாக இல்லாவிட்டால் பால்காரனைத் திட்டுவான்.

பத்து மணிக்கு மேனேஜர் போனில் கத்தினார். "எவன்யா மீட்டரை வாய்க்கால்ல போட்டது? ரெண்டாயிரத்து அறுபது காட்டுது. இன்னும் நாப்பது ஏறினா செவப்பு."

"வாளியிலதான் சார் இருக்கு. நான்தான் காலையில போட்டேன்."

"அப்ப மீட்டர் கெட்டுப் போச்சு. பாரு."

பார்த்தான். துடைத்தான். அளவு தெரிந்த உப்புக் கரைசல் பாட்டிலில் முனையை வைத்தான். இம்மி பிசகாமல் சரியாகக் காட்டியது. மறுபடி வாளியில் விட்டான். அதே இரண்டாயிரத்து அறுபது. மீட்டர் கெடவில்லை. அந்த நிலையத்தில் இரண்டு மாதமாக ஒழுங்காக வேலை செய்தது அது ஒன்றுதான்.

கையைக் குழித்து வாளியில் ஒரு வாய் அள்ளினான். கரித்தது, நாக்கின் அடியில் கசந்தது. துப்பினான். குழாயைத் திறந்து நேராக வாய் வைத்துப் பார்த்தான். அதே கரிப்பு. ஊருக்கெல்லாம் போகும் அதே குழாய். அவன் வீட்டு அடுப்படிக் குழாயும் அதுதான்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். நாலு நாளாகப் பிள்ளை குடித்ததும், தாகம் என்று மறுபடி மறுபடி கேட்டு வாங்கிக் குடித்ததும் இதைத்தான். ஆற்றில் கலந்ததை மச்சினன் இறைத்திருக்கிறான். திரை பச்சையாக இருந்தது, இறைத்திருக்கிறான். பச்சையாக வைத்திருந்தது யார்?

போனை எடுத்து மேனேஜரிடம் சொன்னான். "சார், மீட்டர்ல ஒண்ணும் இல்ல. குழாய்த் தண்ணியே உப்பாயிருச்சு. ஊரே இதைத்தான் குடிக்குது."

பெரிய மனுஷன் யோசிக்கிறார், இப்போதாவது வாய்க்காலை அடைக்கச் சொல்வார் என்று இவன் காத்திருந்தான்.

"சரி, பதறாத," என்றார் மேனேஜர். "என் ரூம்ல இருந்து டிரைவர்கிட்ட ஒரு கேன் குடுத்து விடுறேன். நல்ல கம்பெனித் தண்ணி. வாளியைக் கொட்டிட்டு அதை ஊத்து. இனிமே மீட்டருக்கு தினமும் கேன்தான்."

டிரைவர் கேனை இறக்கி வைத்துவிட்டுப் போனான். சீல் உடைக்காத இருபது லிட்டர். இவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். இரண்டு மாதமாக அடக்கி வைத்திருந்தது அத்தனையும் பொத்துக்கொண்டு வந்தது. பிள்ளைக்குக் கரிக்கிற தண்ணீர், மீட்டர் கம்பிக்கு நல்ல தண்ணீர். இதைச் சொன்னவன் வாயில் அந்த வாளியைக் கவிழ்க்க வேண்டும். இதற்குத் தலையாட்டிய தன்னையும் நிற்க வைத்துக் கவிழ்க்க வேண்டும்.

வாளியை ஓங்கி உதைத்தான். அது உருண்டுபோய்ச் சுவரில் மோதி உடைந்தது. மீட்டரின் முனையை எடுத்து, இரண்டு மாதம் காலியாகக் கிடந்த அதன் இடத்தில், வாய்க்காலுக்குள் இறக்கித் திருகாணியை முறுக்கினான். ஆறாயிரத்து நானூறு. திரை சிவந்து, மணி அலறத் தொடங்கியது.

மச்சினனுக்குப் போன் போட்டான்.

"மாமா, என்ன திடீர்னு செவப்பு காட்டுது? மீட்டர் கழுவுறீங்களா?"

"கழுவல மாப்ள. இப்பதான் நெஜத்தைக் காட்டுது. வால்வை மூடு. குழாயில இருக்கறதையும் திறந்துவிட்டுக் காலி பண்ணு. யார் போன் பண்ணிச் சொன்னாலும் தொறக்காத."

"அப்ப இத்தனை நாளா பச்சை காட்டுச்சே?"

"அது நான் காட்டினது. எல்லாம் வந்து சொல்றேன். முதல்ல மூடு."

அதற்குள் மேனேஜர் மூச்சிரைக்க ஓடிவந்தார். "உனக்கென்ன பைத்தியமா? மீட்டர் ரிஜிஸ்டர்ல கையெழுத்து எல்லாம் உன்னோடது. முதல்ல மாட்டுறது நீதான், தெரியுமா?"

"தெரியும் சார். ஆபீஸ்ல கேட்டா வாளி யோசனை என்னோடதுன்னே சொல்றேன். தினமும் செவ்வாய்க்கிழமைன்னு சொன்னது யாருன்னும் சொல்றேன்."

குனிந்து கேனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான்.

"அதை எங்க எடுத்துட்டுப் போற?"

மணி அலறிக்கொண்டிருக்க, இவன் வாசலைத் தாண்டி நடந்தான்.

வீட்டில் பிள்ளை பாயில் சுருண்டு கிடந்தது. கேனின் சீலை உடைத்து டம்ளரில் ஊற்றித் தலையைத் தாங்கிப் பிடித்துக் குடிக்க வைத்தான். ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னும் கேட்டது. மனைவி மிச்சத்தை நாக்கில் விட்டுப் பார்த்தாள்.

"கரிக்கலையே. எங்க வாங்கினீங்க?"

"வாங்கல. மீட்டருக்குன்னு குடுத்து விட்டாங்க."

அவளுக்குப் புரியவில்லை. அவன் அவளை உட்கார வைத்து, முதல் செவ்வாய்க்கிழமையிலிருந்து சொல்லத் தொடங்கினான்.