காபி வரைக்கும் மெம்பர்

"உங்க பொண்ணு கையெழுத்து போட்டுத்தான் என் பொண்ண ஹாஸ்டல்ல இருந்து வெளிய அனுப்பியிருக்காங்கம்மா" என்று செங்கம்மா சொன்னாள். இந்திராணி வாசற்படியை விட்டு நகரவில்லை. உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. ஆந்திர எல்லையிலுள்ள நகரியில் அந்தத் தெரு முழுக்கப் பவர்லூம்கள் நின்றிருந்தன. மற்ற நாளாக இருந்தால் தறிச் சத்தத்தில் எதிரில் நிற்பவர் பேசுவதே கேட்காது. அன்றைக்கு எதிர்வீட்டு ஜன்னல் வரைக்கும் கேட்டது. இந்திராணிக்கு அதுதான் பெரிய கவலையாக இருந்தது.

"வெயில்ல வந்திருக்கே, தண்ணி குடி" என்று உள்ளே போய்ப் பேப்பர் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள். காலம் மாறித்தான் போய்விட்டது. இப்போதெல்லாம் காலனிக்காரர்கள் வந்தால் யாரும் எட்ட நின்று கையில் ஊற்றுவதில்லை. கடையில் பேப்பர் டம்ளர் விற்கிறது. குடித்தார்கள், கசக்கிப் போட்டார்கள், யார் மனமும் புண்படவில்லை. வீட்டில் எவர்சில்வர் டம்ளர் இரண்டு டஜன் இருந்ததைப் பற்றி யாரும் கேட்கப்போவதில்லை.

செங்கம்மா நாகலாபுரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். கையில் திருப்பதி காலேஜ் அனுப்பிய கடிதம். தெலுங்கில் இருந்தது. சச்சிவாலயம் என்கிற ஊர் அரசு அலுவலகத்தில் ஒருவர் படித்துச் சொல்லியிருந்தார்.

உள்ளே தலை வாரிக்கொண்டிருந்த அகிலா வெளியே வந்தாள். அதே காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். சனி ஞாயிறு வீட்டுக்கு வந்திருந்தாள். கடிதத்தை வாங்கிப் படித்தாள். கமிட்டித் தீர்மானத்தின் ஜெராக்ஸ். மாணவி தரணி சாப்பாட்டுக் கூடத்தில் ஒழுங்கை மீறியதால் விடுதியிலிருந்து நீக்கப்படுகிறாள். முடிவு ஏகமனதாக எடுக்கப்பட்டது. கீழே ஆறு கையெழுத்து. கடைசியில் 'மாணவர் பிரதிநிதி' என்ற இடத்தில் அவளுடைய கையெழுத்து, சுழித்துச் சுழித்து, அழகாக.

அவளுக்கு அழுகை வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி மனசு மரத்துக் கிடந்தது. தொட்டால் தெரிந்தது, வலிக்கவில்லை.

"தரணி வரலையா?" என்று மட்டும் கேட்டாள். அறைத்தோழி மூன்று நாளாக இல்லாதபோது, ஊருக்குப் போயிருக்கிறாள் என்றுதான் நினைத்திருந்தாள்.

"அவ எங்க வருவா? மூணு நாளா சரியா சோறு துன்னல. எங்க ஊரு பஸ் திருப்பதி போய்ச் சேர பத்தரை ஆவுது, காலேஜு ஒம்போதுக்கு. ஹாஸ்டல் இல்லன்னா படிப்பு இல்ல. அவ மாமன் ஊட்ல இருந்து வந்து பேசிக்கினு கீறாங்க, வர்ற தையில கல்யாணத்த முடிச்சிடலாம்னு." செங்கம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "நீ வேணும்னு பண்ணியிருக்க மாட்டே பாப்பா. ஆனா பண்ணது நீதான்."

உள்ளேயிருந்து ஆதிநாராயணன் வந்தார். நாலு தறிக்குச் சொந்தக்காரர். மகள் ஹாஸ்டல் கமிட்டியில் மெம்பர் ஆன அன்று, பிரின்சிபால் பக்கத்தில் அவள் உட்கார்ந்திருக்கும் போட்டோவை ஒரு வாரம் போனில் ஸ்டேட்டஸ் வைத்திருந்தவர். தெருவில் அவளுக்கு 'கமிட்டி மெம்பர்' என்றே பெயர் விழுந்துவிட்டது.

"கமிட்டின்னா பெரியவங்க கூடிப் பேசி எடுக்கிற முடிவும்மா. அதுக்கு இந்தப் பொண்ணு இன்னா பண்ணும்? நீ போயி பிரின்சிபாலப் பாரு" என்றார்.

"பாத்தேங்க. படிக்கிற பிள்ளைங்களே ஒத்துக்கினாங்கன்னு உங்க பொண்ணு கையெழுத்ததான் காட்டனாரு."

செங்கம்மா டம்ளரைக் கீழே வைக்காமல் கையில் பிடித்துக்கொண்டே தெருவில் இறங்கிப் போனாள்.

"நைனா, நான் அத ஒத்துக்கல. அந்த லெட்டர்ல இருக்கிறது எனக்குத் தெரியவே தெரியாது" என்றாள் அகிலா.

"தெரியாட்டி தெரியாததாவே இருக்கட்டும். நீ கம்முனு இரு. யார் கேட்டா உன்ன?"

யாரும் கேட்கவில்லை என்பதுதான் விஷயமே. அந்தக் கமிட்டியில் ஒரு மாணவி இருக்க வேண்டும் என்பது விதி. விதி இருக்கிறதென்று தேர்தலா வைத்தார்கள்? நல்ல மார்க், அடக்கமான பெண், அப்பா ஃபீஸ் ஒழுங்காகக் கட்டுகிறார் என்று பிரின்சிபால் பொறுக்கியெடுத்தார். வாரம் ஒரு கூட்டம். எல்லோருக்கும் குஷன் நாற்காலி, அவளுக்குக் கதவோரம் பிளாஸ்டிக் நாற்காலி. முதலில் காபி வரும். காபி முடியும்போது கிளார்க் ஹரிபாபு, தீர்மானம் எழுதும் மினிட்ஸ் புத்தகத்தை நீட்டுவார். பக்கம் காலியாக இருக்கும். மாணவிதான் முதலில் கையெழுத்துப் போட வேண்டும், ஏனென்றால் அவளுக்குக் கிளாஸ் இருக்கிறது. போட்டுவிட்டு அவள் போய்விடுவாள். கூட்டம் அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கும்.

இந்த ஏற்பாட்டில் எதுவும் தப்பாக அகிலாவுக்குத் தோன்றியதில்லை. பெரியவர்கள் பேசும் இடத்தில் நிற்கக் கூடாது என்று சொல்லித்தானே வளர்த்திருந்தார்கள்.

தரணி செய்த குற்றம் இதுதான். ஹாஸ்டலில் இரண்டு பந்தி. முதல் பந்தி, வீட்டிலிருந்து ஃபீஸ் கட்டும் பெண்களுக்கு. இரண்டாம் பந்தி, அரசாங்கம் ஃபீஸ் கட்டும் பெண்களுக்கு. அரசாங்கப் பணம் தாமதமாக வருகிறதாம். அதனால் சோறும் தாமதமாக வரலாமாம். இரண்டாம் பந்தியில் முக்கால்வாசிப் பேர் காலனிப் பெண்கள். அவர்கள் உட்காரும்போது பொரியல் தீர்ந்திருக்கும், சாம்பாரில் வெந்நீர் சேர்ந்திருக்கும். சாதி என்ற சொல்லை ஹாஸ்டலில் யாரும் வாயால் சொன்னதில்லை. எதற்குச் சொல்ல வேண்டும், மணி அடித்தாலே போதுமே. ஒருநாள் தரணி முதல் மணிக்கே போய் உட்கார்ந்தாள். எழுந்திரு என்றார்கள். எழுந்திருக்கவில்லை. அவ்வளவுதான்.

அன்றைக்கு அகிலா அவளுக்கு இரண்டு தட்டு தள்ளி உட்கார்ந்திருந்தாள். ஒன்றரை வருஷமாக முதல் பந்தியில் சாப்பிட்டவள். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டு போனாள். இதை மறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

புதன்கிழமை அடுத்த கூட்டம். காபி வந்தது. ஹரிபாபு புத்தகத்தை நீட்டினார். புத்தூர்க்காரர், தமிழ் பேசுவார்.

"சைன் பண்ணிட்டுக் கெளம்பும்மா, கிளாசுக்கு டைம் ஆவுது."

"எழுதுங்க சார். படிச்சிட்டுப் போடறேன்."

ஹரிபாபு சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் பிரின்சிபாலைப் பார்த்தார். பிரின்சிபால் நல்ல மனிதர், யாரையும் அதட்டிப் பேசத் தெரியாதவர். "செப்பம்மா, ஏமி பிராப்ளம்?" என்று கனிவாகக் கேட்டார்.

அகிலா தெலுங்கில் சொல்ல ஆரம்பித்தாள். தரணியை நீக்கியது எனக்குத் தெரியாது, வெறும் பக்கத்தில்தான் கையெழுத்துப் போட்டேன், என் பேரில் இருக்கும் சம்மதத்தை எடுத்துவிடுங்கள், தரணியைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள். குரல் நடுங்கும் என்று பயந்திருந்தாள். நடுங்கவில்லை. வேறு யாரோ பேசுவதைக் கேட்பதுபோல் இருந்தது அவளுக்கே.

"மேல மலையில அன்னதானத்துல எல்லாரையும் ஒரே வரிசையில உக்கார வெச்சித்தான் போடறாங்க சார். கீழ இங்க ஏன் ரெண்டு பந்தி?"

"அது சாமி பிரசாதம்மா. இது ஹாஸ்டல்" என்றார் பிரின்சிபால். மற்றவர்கள் தலையாட்டினார்கள். வார்டன் ஷோபா தன் காபியைக் குடித்து முடித்தாள்.

"நல்ல விஷயம் சொன்னே. மாணவர்கள் பேசணும், அதுக்குத்தான் இந்தக் கமிட்டி. நோட் பண்ணிக்கோ ஹரிபாபு" என்று பிரின்சிபால் எழுந்தார். "இன்னிக்கி மீட்டிங் இத்தோட போதும்."

மற்ற ஐந்து பேரும் பிரின்சிபால் அறைக்குள் போனார்கள். ஹரிபாபு புத்தகத்தை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போய்க் கதவைச் சாத்தினார். ஹாலில் அகிலாவும் காலி காபிக் கோப்பைகளும்தான் மிச்சம். உள்ளே கூட்டம் நடந்தது. கதவு மெல்லியதுதான், பேச்சுச் சத்தம் கேட்டது, வார்த்தை புரியவில்லை.

கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு ஹாஸ்டலுக்குப் போனாள். அவளுடைய அறையில் தரணியின் கட்டிலில் வேறொரு பெண் சூட்கேஸைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். பங்காருபாளையத்துப் பெண். அவள் அப்பா மாங்காய் மண்டி வைத்திருக்கிறாராம். முதல் பந்தி எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.

அன்று மத்தியானம் முதல் மணி அடித்தபோது அகிலா போகவில்லை. இரண்டாம் மணிக்குப் போய், காலனிப் பெண்களோடு உட்கார்ந்தாள். ஆறின சோறு, தண்ணிச் சாம்பார். யாரும் அவளோடு பேசவில்லை. ஒருத்தி மட்டும், "அக்கா, இங்க மோர் வராது" என்று சொல்லிவைத்தாள். அடுத்த நாளும் இரண்டாம் மணிக்குத்தான் போனாள். அதற்கடுத்த நாளும். இதைப் பார்த்தாவது யாருக்காவது உறைக்கும் என்று நினைத்தாள். பாவம், இருபது வயசு.

பன்னிரண்டு நாள் கழித்து நோட்டீஸ் போர்டில் தீர்மானம் ஒட்டியிருந்தது. தெலுங்கில், தட்டச்சில், சீல் வைத்து.

'மாணவர் பிரதிநிதி செல்வி அகிலா தன் சொந்த விருப்பத்தின் பேரில் இரண்டாம் பந்தியில் உணவருந்தி வருகிறார். இதிலிருந்து பந்தி முறையில் மாணவிகளுக்குக் குறை ஏதும் இல்லை என்பதைக் கமிட்டி திருப்தியுடன் பதிவு செய்கிறது. படிப்புச் சுமை கருதி அவர் பொறுப்பிலிருந்து விடுவிக்கப்படுகிறார். அவருடைய சேவைக்குப் பாராட்டு.'

கீழே ஆறு கையெழுத்து. கடைசியில் புதிய மாணவர் பிரதிநிதி காவ்யா. வகுப்பில் அகிலாவுக்கு அடுத்த மார்க் வாங்குகிறவள், நல்ல பெண். காபி குடித்துவிட்டு நேராகக் கிளாசுக்கு வந்திருந்தாள்.

அகிலா இரண்டு முறை படித்தாள். போனை எடுத்துத் தரணிக்குப் பேசினாள்.

"என் பேரு வந்துச்சா அகிலா?"

"வரல."

"ஒரு எடத்துல கூடவா?"

"ஒரு எடத்துலயும் வரல."

"சரி வுடு. நீ போயி துன்னு" என்று தரணி வைத்துவிட்டாள்.

முதல் மணி அடித்தது. அகிலா இரண்டாம் பந்திப் பெண்களில் யாரையும் கூப்பிடவில்லை. அவர்களுக்கு இழக்க ஒரு கட்டில் இருந்தது. தனியாகப் போனாள். தட்டை எடுத்துக்கொண்டு முதல் பந்தியில், தரணி உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தாள். பரிமாறுகிற பெண் சோறு வைத்து, பொரியல் வைத்து, சாம்பார் ஊற்றிவிட்டுப் போனாள். வார்டன் ஷோபா வாசலிலிருந்து வேகமாக வந்தாள்.

"அகிலா, நீ ரெண்டாவது பந்தி. எழுந்திரு."

"நைனா ஃபீஸ் கட்டறாரு மேடம்."

"அது எனக்குத் தெரியும். ஆனா நீ ரெண்டாவதுன்னு மினிட்ஸ்ல ஏறிடுச்சி. இன்ஸ்பெக்‌ஷனுக்கு வர்றவங்க பாப்பாங்க. நீ இங்க உக்காந்தா நாங்க எழுதினது பொய்யாயிடும்மா." ஷோபாவின் குரலில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது. அவளுக்கும் வேலை முக்கியம். "தரணி மாதிரி ஆவணுமா உனக்கு? நல்ல பொண்ணுதானே, எழுந்திரு."

காவ்யா தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னயும் அனுப்பிடுங்க மேடம்" என்றாள் அகிலா. "அடுத்த மீட்டிங்ல எழுதிக்கோங்க. காபிக்கு அப்புறமாத்தானே எழுதுவீங்க."

பிறகு சாம்பாரைச் சோற்றில் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தாள். சூடாக இருந்தது.