ஃபேனைத் தொற

குகன் செய்த எக்ஸ்டென்ஷன் சொன்ன பேச்சைக் கேட்கும். ஆனால் அவன் சொன்னால் கேட்காது என்பது, பாவம், அவனுக்கே பரீட்சை நாள் அன்றுதான் தெரிந்தது.

கடைசி செமஸ்டர் ப்ராஜெக்ட் அது. நாலு ப்ளக் போடும் சாதாரண எக்ஸ்டென்ஷன் பெட்டிக்குள் ஒரு குட்டிக் கணினியை அவனும் கூடப் படிக்கும் ஷபானாவும் உட்கார வைத்திருந்தார்கள். எந்தப் ப்ளக் எத்தனை மணிக்கு ஓட வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று போனிலிருந்தே ப்ரோக்ராம் செய்யலாம். அந்தப் பாதி ஷபானாவுடையது. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ்காரி, எதையும் மூன்று தடவை சரிபார்க்காமல் விடமாட்டாள். வாயால் சொன்னால் கேட்கும் பாதி குகனுடையது. தேறினால் அடுத்த மாதம் முதல் தேதி ஷா ஆலமில் வேலை. தேறாவிட்டால் இன்னொரு செமஸ்டர், அந்த வேலையும் போச்சு.

பெட்டிக்குப் பேச்சுப் பழக்க ஆயிரம் குரல் பதிவு தேவைப்பட்டது. ஆளுக்குப் பத்து சொல்லிவிட்டு தே தாரிக் குடிக்கப் போன நண்பர்கள் திரும்பி வரவே இல்லை. கடைசியில் கை கொடுத்தது கிள்ளான் வீட்டில் இருந்த அம்மா ரமணிதான். எதையும் ஒரு தடவை சொல்லி நிறுத்தும் பழக்கம் அவளுக்கு என்றைக்கும் கிடையாது. ஒரே மத்தியானத்தில், கீரை ஆய்ந்துகொண்டே, "ஃபேன தொற, ஃபேன மூடு, லைட்ட தொற, லைட்ட மூடு, ரேடியோவ தொற, ரேடியோவ மூடு" என்று தொள்ளாயிரத்துச் சொச்சம் சொல்லி முடித்தாள். பெயர் சொல்லாமல் வெறுமனே "மூடு" என்றால் எல்லாம் சேர்ந்து நின்றுவிடும். மலேசியாவில் விளக்கையும் விசிறியையும் நாம் திறக்கத்தான் செய்வோம், மூடத்தான் செய்வோம். மலாயில் அப்படி, அதுவே நம் வாயிலும் தொற்றிக்கொண்டது. வீட்டில் பெட்டியைச் சோதித்துப் பார்த்ததும் அவளேதான். ஒரு தடவைகூட அது பிசகவில்லை.

பரீட்சை நடத்த வந்தவர் பேராசிரியர் டாக்டர் கமலநாதன். திருச்சியிலிருந்து வேலைக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. ஷபானாவின் பாதியைப் பார்த்து முகம் மலர்ந்தவர், ஃபேன், லைட், ரேடியோ மூன்றும் மாட்டி மேசையில் வைத்திருந்த பெட்டியின் பக்கம் குனிந்து, "ஃபேனைப் போடு" என்றார்.

பெட்டி கம்மென்று இருந்தது.

"சார், ஃபேன தொறன்னு சொல்லணும்" என்றான் குகன்.

"ஃபேனை எதுக்குப்பா தொறக்கணும்? ரிப்பேரா?"

"இல்ல சார், தொறன்னா ஓடும்."

"தொறந்தா உள்ள இருக்கிற மோட்டார்தான்ப்பா தெரியும்."

இருந்தாலும் நல்ல மனிதர். எங்கே வந்து மாட்டிக்கொண்டோம் என்ற முகத்தோடு, "ஃபேன தொற" என்று சொல்லிப் பார்த்தார். அசையவில்லை. குகன் சொன்னான். அசையவில்லை. ஷபானா சொன்னாள், அப்புறம் கெஞ்சினாள். அப்போதுதான் குகனுக்கு மண்டையில் உறைத்தது. பெட்டி தமிழைப் படித்திருக்கவில்லை, அம்மாவைப் படித்திருந்தது.

"அலாமாக்!" என்றாள் ஷபானா. "ஆன்டிக்குப் போன் அடி லா!"

ரமணி பாசாரில் மீன் பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னடா, முடிஞ்சிருச்சா? சாப்டியா?"

"ம்மா, ஸ்பீக்கர்ல இருக்க. டாக்டர் பக்கத்துல இருக்காரு. ஃபேன தொறன்னு மட்டும் சொல்லு."

"பாசார்ல நின்னுகிட்டா? ஆளுங்க பாத்தா பைத்தியம்பாங்க லா."

"சொல்லும்மா, ப்ளீஸ்!"

"ஃபேன தொற!"

விசிறி சுழன்ற வேகத்தில் டாக்டரின் காகிதங்கள் பறந்தன. அம்மா அதோடு விடுவாளா? லைட்டைத் திறந்தாள், ரேடியோவைத் திறந்தாள். குகனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

டாக்டர் காகிதங்களைப் பொறுக்கிக்கொண்டே தலையை ஆட்டினார். "பெட்டிய வாங்குறவங்களுக்கெல்லாம் உங்க அம்மாவையும் சேத்து அனுப்புவியா? ஒரே ஆளுக்குத்தான் கேக்கும்னா நான் எப்படிப் பாஸ் போடறது? இன்னொரு குரலுக்காவது கேக்கணும்ல?"

"தப்பு என்னோடதுதான் சார்" என்றான் குகன். சொல்லும்போதே ஷா ஆலம் வேலை கையை விட்டுப் போவது தெரிந்தது.

ஆனால் போனை யாரும் வைக்கவில்லை.

"ஹலோ டாக்டர்! எம்புள்ள மூணு மாசமா சரியா சாப்பிடல, தெரியுமா? உங்க வீட்டு ஃபேனு மட்டும் நீங்க சொன்னா கேக்குதா? பாஸாவணும்னு பத்துமலைக்கு வேற நேந்திருக்கேன், அவனுக்கு மொட்டை போடறேன்னு. சின்ன வயசுல மொட்டைக்குப் பயந்து ட்ரவுசர நனைச்ச பய, டாக்டர், அவன்..."

குகனின் காது இரண்டும் சுட்டது. "ம்மா! மூடு!" என்று கத்திவிட்டான்.

டக், டக், டக். விசிறி நின்றது. விளக்கு நின்றது. ரேடியோ நின்றது. அம்மாவும் நின்றாள்.

"அச்சு அசல் ஆன்டி குரல்" என்று ஷபானா முணுமுணுத்தாள்.

டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இன்னொரு தடவை சொல்லு, பாப்போம்."

குகன் பெட்டியைப் பார்க்கவே இல்லை, போனைத்தான் பார்த்தான். பிறந்ததிலிருந்து அம்மாவை அவன் ஒரு நாளும் வாயை மூடச் சொன்னதில்லை. அதுவும் முன்பின் தெரியாத மனிதர் முன்னால், இவனுக்காக வழக்காடிக்கொண்டிருந்தவளை.

"முடியாது சார்" என்றான். "அம்மா லைன்ல இருக்காங்க."

"பாஸ் வேணாமா?"

"வேணும் சார். ஆனா முடியாது."

போனில் பாசார் இரைச்சல் தள்ளிப் போனது, அம்மா ஓரமாக ஒதுங்கியிருக்க வேண்டும்.

"குகா" என்றாள் அம்மா மெல்ல. "நீ சொன்னதுக்கு ஃபேனு நின்னுச்சாடா?"

"நின்னுச்சும்மா. ம்மா, நான் வேணும்னு..."

"மடப்பயலே, பின்ன எதுக்கு யோசிக்கிற? இரு, நான் தொறந்து குடுக்கறேன். ஃபேன தொற!" விசிறி சுழன்றது. "ம், இப்ப என்னைத் திட்டு."

குகன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெற்ற தாயை இரண்டாம் தடவையும் வாயாரத் திட்டிப் பாஸானான்.