இரண்டு கிளட்ச்சும் ஒரு நாத்தனாரும்

அருப்புக்கோட்டையில் கார் ஓட்டும் பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். கார் ஓட்டுவதைப் பற்றி என் அளவுக்குப் பேசுகிறவள் ஒருத்தியும் கிடையாது. எங்களுக்குப் பாத்திரக்கடை. குக்கர் வாங்க வந்தவர்கள் என்னிடம் மாட்டிக்கொண்டு கியர்பாக்ஸைப் பற்றித் தெரிந்துகொண்டு போனார்கள். சிலர் குக்கரை வாங்காமலேயே போனார்கள்.

கார் என்னுடையதில்லை, மகன் அசோக்குடையது. அவன் வேலைக்கு ஜெர்மனி போனபோது காரை எங்கள் வாசலில் நிறுத்தி, சும்மா நிற்கவிடாமல் வாரத்துக்கு இரண்டு நாளாவது ஓட்டச் சொல்லிச் சாவியை என் கையில் கொடுத்தான். என் வீட்டுக்காரர் சின்னத்துரை மொபெட்டைத் தாண்டி எதையும் தொட மாட்டார். நானோ அதற்கு முன்பே டிரைவிங் ஸ்கூலுக்குப் போய்க் கிளட்ச்சோடு மல்லுக்கட்டித் தோற்றவள். அந்த மாஸ்டர் ஒருநாள் பாதி வழியில் வண்டியை விட்டு இறங்கி டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். நான் போய்க் கூப்பிட்டும் எழுந்து வரவில்லை.

இந்தக் காரில் கிளட்ச் மிதி இல்லை. ஆனால் உள்ளே கிளட்ச் இருக்கிறது, அதுவும் ஒன்றுக்கு இரண்டாக. ஒற்றைப்படை கியர்களை ஒன்று பார்த்துக்கொள்ளும், இரட்டைப்படையை இன்னொன்று. ஒரே அடுப்படியில் இரண்டு மருமகள்கள் மாதிரி. ஒருத்தி கல்லிலிருந்து தோசையை எடுக்கும்போதே இன்னொருத்தி கரண்டியில் மாவோடு நிற்பாள். அதனால்தான் கியர் மாறுவதே தெரியாமல் வண்டி வழுக்கிக்கொண்டு போகும். இரண்டும் உலர் கிளட்ச், எண்ணெயில் ஊறுவதில்லை, காற்றுப் பட்டுத்தான் சூடு ஆற வேண்டும். ஆகவே போனால் ஒழுங்காகப் போக வேண்டும், நின்றால் முழுசாக நிற்க வேண்டும், இரண்டுக்கும் நடுவில் ஊர்ந்துகொண்டே இருந்தால் கிளட்ச் உரசி உரசிச் சூடேறிவிடும். மேட்டில் ஆக்சிலேட்டரை மிதித்து வண்டியைப் பிடித்து வைக்கவே கூடாது, பிரேக்கைத்தான் மிதிக்க வேண்டும். இதெல்லாம் காரோடு வந்த புத்தகத்தில் இருக்கிறது. நான் அதை மத்தியானத் தூக்கத்தை விட்டுவிட்டுப் படித்தேன். சந்தை நாளில் காரை வெளியே எடுக்க மாட்டேன், ஆட்டு மந்தை தூரத்தில் தெரிந்தாலே திரும்பிவிடுவேன். அசோக் கைக்குழந்தையாக இருந்தபோதுகூட அவனை நான் இவ்வளவு பொத்திப் பொத்தி வைத்ததில்லை.

எல்லாம் தெரிந்த எனக்குத் தெரியாதது ஒன்றே ஒன்றுதான். நடுரோட்டில், பின்னால் வண்டிகள் வரும்போது, ஓரம்கட்டி நிறுத்தத் தெரியாது. யாரிடமும் இதைச் சொன்னதில்லை. மதுரை வரைக்கும் தனியாக ஓட்டிப் போய்விட்டு வருகிறவள் என்றுதான் சொந்தக்காரர்களிடம் சொல்லி வைத்திருந்தேன். உண்மையில் நான் காலையில் பந்தல்குடி வரைக்கும் போவேன், ஊர் தாண்டி ரோட்டுக்கு நடுவில் விட்டிருக்கும் இடைவெளியில் திரும்புவேன், வீட்டுக்கு வந்துவிடுவேன். வழியில் எங்கும் நிற்பதில்லை. நிற்கத் தெரிந்தால்தானே.

அப்படி ஒருநாள் போகும்போதுதான் பந்தல்குடி பஸ் ஸ்டாப்பில் கோகிலாம்பாளைப் பார்த்தேன். என் வீட்டுக்காரருக்குக் கூடப்பிறந்த ஒரே தங்கச்சி, எனக்கு நாத்தனார். பரளச்சியில் வாக்கப்பட்டவள், அங்கே உரக்கடை வைத்திருக்கிறார்கள். இரண்டு கையிலும் பெரிய பைகளோடு நின்றவள் என் காரைப் பார்த்ததும் பைகளைக் கீழே வைத்துவிட்டு, முகமெல்லாம் சிரிப்பாகக் கையைக் காட்டினாள். எனக்குப் பின்னால் ஒரு லோடு லாரி ஹார்னை அழுத்தின கையை எடுக்காமல் வந்துகொண்டிருந்தது. ஸ்டியரிங் என் கையில் வேர்வையில் வழுக்கியது. இதோ சுற்றிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று சொல்வதாக நினைத்து நானும் ஒரு கையைத் தூக்கினேன். அது ஓட்டுக் கேட்டுப் போகிறவர்கள் ஜீப்பில் நின்று கையாட்டுவது மாதிரி இருந்திருக்க வேண்டும்.

சொன்னபடி சுற்றிக்கொண்டுதான் வந்தேன். ஆனால் எதிர்ப்பக்கமாக வந்தேன், அங்கேயும் ஒரு லாரி பின்னால் ஒட்டிக்கொண்டு வந்தது. அவள் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருக்க, இரண்டாம் தடவையும் நிற்காமல் போனேன். இந்தத் தடவை அவள் கையைத் தூக்கவில்லை.

அன்றோடு கோகிலாம்பாள் என்னிடம் பேசுவதை விட்டாள். அண்ணனுக்குப் போன் செய்வாள், நான் எடுத்தால் கட் ஆகிவிடும். தீபாவளிக்கு வந்து அண்ணனுக்கு மட்டும் பலகாரம் கொடுத்துவிட்டு வாசலோடு போனாள். வீட்டுக்கு மருமகளாக வந்த புதிதில் எனக்குச் சமைக்கத் தெரியாது என்பதை மாமியார் கண்ணில் படாமல் மறைத்தவள் அவள். எனக்குக் குழம்பு வைத்துக் கொடுத்து, மதினி வைத்தது என்று பரிமாறியவள். அவள் முகம் கொடுக்காமல் போன அன்றைக்கு நான் பூஜையறையில் உட்கார்ந்து அழுதேன். வெளியே வந்ததும் எனக்கென்ன என்று சொல்லிக்கொண்டேன்.

என் வீட்டுக்காரருக்கு விஷயம் தெரியும். அவர் ஒரே ஒரு தடவைதான் கேட்டார். "பயமா இருந்துச்சுன்னு அவகிட்டச் சொல்றதுல ஒனக்கு என்ன கொறஞ்சு போகுது?"

குறைந்துதான் போகும். மதுரை வரை போய் வருகிறவள் என்ற பெயர் என்ன ஆவது? திமிர் பிடித்தவள் என்று பேச்சு வாங்கினாலும் தலை நிமிர்ந்து நடக்கலாம். காரை நிறுத்தத் தெரியாமல் நாத்தனாரை ரோட்டில் விட்டுவிட்டுப் போனவள் என்றால் பரளச்சியே சிரிக்கும். இப்படியெல்லாம் எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். கேட்டுக்கொள்ள வேறு ஆள் இல்லாததால் நியாயம் என் பக்கமே இருந்தது.

அந்த மாசியில் கோகிலாம்பாளின் மகள் பிரவீணாவுக்குச் சடங்கு வைத்தார்கள். தாய்மாமன் என்பதால் என் வீட்டுக்காரர்தான் சீர் கொண்டுபோக வேண்டும். அழைக்க வந்தது கோகிலாம்பாளின் வீட்டுக்காரர் நவநீதகிருஷ்ணன் மட்டும். அவசியம் ரெண்டு பேரும் வந்துவிட வேண்டும் என்றார். அந்த ரெண்டு பேரில் என்னைச் சேர்த்துக்கொண்டது அவராகச் செய்தது என்பது அவர் தரையைப் பார்த்துப் பேசியதிலேயே தெரிந்தது.

நான் ஒரு திட்டம் போட்டேன். சீரில் அண்டாவும் குத்துவிளக்கும் தலையில் தூக்கமுடியாத கனம். அவற்றைக் காரில் ஏற்றி, ஊர்வலத்தின் பின்னால் நானே ஓட்டிக்கொண்டு போய், கோகிலாம்பாள் ஆரத்தியோடு நிற்கும் வாசலில், அவள் காலுக்கு நேராக அலுங்காமல் நிறுத்துவேன். அவளுக்காக நான் நிற்பேன் என்று ஊரே பார்க்கட்டும். அதற்குப் பிறகும் பேசாமல் இருந்துவிடுவாளா?

இதற்காக ஒரு வாரம் நிறுத்திப் பழகினேன். எங்கள் வாசலில் ஒரு செங்கல்லை நட்டு அதைக் கோகிலாம்பாள் என்று வைத்துக்கொண்டேன். முதல் நாள் கோகிலாம்பாள் மேலேயே ஏற்றிவிட்டேன். கடைசி நாள் ஒரு முழத்துக்குள் நிறுத்தினேன். அதில் எனக்கு வந்த மிதப்பைச் சொல்லி முடியாது.

பரளச்சியில் பிள்ளையார் கோயில் முன்னால் எல்லாரும் கூடினோம். தாய்மாமன் பொண்டாட்டி முதல் தட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்காரரோடு நடக்க வேண்டும் என்றார்கள். காரை வேறு யாரும் தொட முடியாது, கியர்பாக்ஸ் அப்படிப்பட்டது என்று சொல்லித் தட்டை அவருடைய சித்தி கையில் கொடுத்துவிட்டேன். மேளம் முன்னால், அதன் பின்னால் என் வீட்டுக்காரர், அப்புறம் தட்டு எடுத்த பெண்கள், எல்லாருக்கும் கடைசியில் பட்டுச்சேலையும் கூலிங்கிளாஸுமாக நான்.

மேளக்காரர்கள் பத்தடிக்கு ஒரு தடவை நின்றார்கள். நிற்கும் இடத்தில் எல்லாம் இளவட்டங்கள் ஆடினார்கள், யாராவது சரவெடியைக் கொளுத்தினார்கள். தெருவோ லேசான ஏற்றம், ஒரு பாதி முழுக்க மிளகாய் வற்றல் காயப் போட்டிருந்தார்கள். மிச்சப் பாதியில் கார் நடக்கிற வேகத்தைவிட மெதுவாக ஊர்ந்தது. ஊரக் கூடாது என்று குக்கர் வாங்க வந்தவர்களுக்கெல்லாம் பாடம் நடத்தியவள் நான். இடைவெளி விட்டு, முழுசாக நின்று, பிறகு ஒரே மூச்சில் போயிருக்க வேண்டும். ஆனால் இடைவெளி விட்டால் சீர் வண்டி ஊர்வலத்தில் சேராமல் தனியாகத் தெரியுமே. நின்று நின்று எடுத்தால் அண்டா கணகணவென்று ஆடுமே. மேட்டில் பிரேக்கை விட்டு ஆக்சிலேட்டரில் காலை வைத்து, வண்டி பின்னாலும் போகாமல் முன்னாலும் போகாமல் பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் நடந்த ஒரு அம்மாள் என்னைப் பார்த்து எவ்வளவு நைஸா ஓட்டுறாக என்று சொன்னது காதில் விழுந்தது. அதற்குப் பிறகு யார் சொன்னாலும் நான் கேட்கிற நிலையில் இல்லை.

கார் சொல்லிப் பார்த்தது. முதலில் அதன் உடம்பு நடுங்கியது. அப்புறம் டேஷ்போர்டில் பல்சக்கரப் படம் போட்டு விளக்கு எரிந்தது. கியர்பாக்ஸ் சூடாகிவிட்டது, நிறுத்தி ஆறவிடு என்று அதற்கு அர்த்தம். புத்தகத்தில் அந்தப் பக்கம் எனக்கு மனப்பாடம். தெருக்கோடியில் கோகிலாம்பாள் வீட்டுப் பந்தல் தெரிந்தது, அதன் கீழே ஆரத்தித் தட்டோடு அவளும் தெரிந்தாள். இன்னும் கொஞ்ச தூரம்தானே என்று விளக்கைப் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டேன். தேய்ந்த ரப்பரைச் சுட்ட மாதிரி ஒரு வாடை வந்தது. சரவெடி வாடை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பிறகு ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்ஜின் மட்டும் கத்தியது. கார் நகரவில்லை. பின்னால் சரியத் தொடங்கியதும் பதறிப்போய்ப் பிரேக்கை மிதித்தேன், கைக்குக் கிடைத்ததை எல்லாம் இழுத்தேன். கோகிலாம்பாள் வாசலுக்கு நாலு வீடு இந்தப் பக்கம், தெரு நடுவில், சீர் வண்டி நின்றுவிட்டது.

மேளம் ஓய்ந்தது. எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. சீர் பாதி வழியில் நின்றால் நல்லதில்லை என்று யாரோ ஒரு பெரியவர் சொல்ல, இளவட்டங்கள் ஓடிவந்து காருக்குப் பின்னால் தோள் கொடுத்தார்கள். நியூட்ரலில் போட வேண்டும் என்பது மட்டும் நல்ல வேளையாக ஞாபகம் வந்தது. அவர்கள் மூச்சைப் பிடித்துத் தள்ளினார்கள். கார் அசையவில்லை. ரெண்டு கிளட்ச் வண்டி, பாறாங்கல் மாதிரி கனம் என்று ஒருவன் சொன்னான். என்னால் கூலிங்கிளாஸைக் கழற்ற முடியவில்லை, உள்ளே கண் நிறைந்திருந்தது. இனி இந்த ஊருக்குள் காலை வைக்க முடியாது, அவளும் இந்த ஜென்மத்தில் பேசப் போவதில்லை என்று நினைத்தேன்.

ஜன்னல் கண்ணாடியை யாரோ தட்டினார்கள். இறக்கினேன். ஆரத்தித் தட்டை எங்கேயோ வைத்துவிட்டு, பட்டுச்சேலையை இடுப்பில் தூக்கிச் செருகிக்கொண்டு கோகிலாம்பாள் நின்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. தலையை உள்ளே நீட்டி, எனக்கு இடப்பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"ஹேண்ட் பிரேக்க எறக்குங்க மதினி," என்றாள்.

மதினி என்ற சொல்லைக் கேட்டதும் ஹேண்ட் பிரேக் எங்கே இருக்கிறது என்பதே எனக்கு மறந்துவிட்டது. அவளே கையை விட்டு இறக்கினாள். அந்தக் கையை நான் பிடித்துக்கொண்டேன். பரளச்சி முழுக்கக் காது கொடுத்து நிற்கிறது என்பது தெரிந்துதான் சொன்னேன்.

"அன்னைக்குப் பந்தல்குடில எனக்கு நிறுத்தத் தெரியல கோகிலா. பின்னால லாரி வந்துச்சு. பயந்துட்டேன்."

அவள் என்னை முதல் தடவையாக நேராகப் பார்த்தாள்.

"ரெண்டு தடவையுமா?"

"ரெண்டு தடவையும்."

கையை அவள் உருவிக்கொள்ளவில்லை.

"இன்னைக்கு மட்டும் நீங்களா நிறுத்துனீக? அதாத்தான நின்னுருச்சு," என்றாள்.

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன், கூலிங்கிளாஸுக்குக் கீழே தண்ணீர் வழிந்ததைத் துடைக்கவும் இல்லை. அவள் போய் இளவட்டங்களை நகரச் சொல்லிவிட்டு, தானும் காருக்குப் பின்னால் கையை வைத்தாள். சடங்கு வீட்டுக்காரி தாய்மாமன் சீரைத் தானே தள்ளிக்கொண்டு போவதை அந்த ஊர் அதற்கு முன் பார்த்திருக்காது. மேளக்காரர் என்ன நினைத்தாரோ, மறுபடி அடிக்கத் தொடங்கினார். எல்லாரும் ஒன்றாகத் தள்ளினார்கள். அப்போதும் கார் அசையவில்லை.

பின்னாலிருந்து கோகிலாம்பாளின் குரல் மேளத்துக்கு மேலே கேட்டது.

"பிரேக்குல இருந்து காலையும் எடுங்க மதினி."

எடுத்தேன்.