பசை மோக்காதவளின் சாட்சி

ராகிராகி வாலிபர் ஜெப முகாமில் சாட்சி சொல்லிவிட்டு மேடையிலிருந்து இறங்கியதும் என் கையில் ஒரு தட்டுக் கேக்கைத் திணித்தார்கள். இளஞ்சிவப்புக் கிரீம் புழுக்கத்தில் உருகி வழிந்துகொண்டிருந்தது. இருநூறு பிள்ளைகள் இன்னும் மூக்கைச் சிந்திக்கொண்டிருக்க, நான் அதை வழித்து வழித்துத் தின்றேன். வெட்கமே இல்லாமல் தின்றேன்.

என்ன சொல்லி அழவைத்தேன் தெரியுமா? மூன்று வருடம் போதைக்காகப் பசை மோந்து திரிந்தேனாம். எங்கள் தீவின் லௌடோகா பேருந்து நிலையத்துக்குப் பின்னால், கரும்பு ரயில் தண்டவாளத்தோரம், என் வாந்தியிலேயே கிடந்தேனாம். ஒரு காலையில் சேம்பங்கிழங்குக் கட்டோடு சந்தைக்குப் போன அம்மா என்னைப் பார்த்தாளாம். பார்த்தும், யாரோ எவரோ என்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாளாம். அந்த நிமிடத்தில் கர்த்தர் என்னைத் தொட்டாராம்.

நான் பசையைத் தொட்டதெல்லாம் பள்ளி நோட்டுக்கு அட்டை போடத்தான். இத்தனையும் நடந்தது என் அண்ணன் அபெனிசாவுக்கு.

ஆனால் என் அழைப்பு பொய்யில்லை. ஞாயிறு பள்ளிக்குப் பாய் விரிக்கப் போனவள் நான். ஒருநாள் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன், ஜெபத்தில் கொட்டாவி விட்டால் கடவுள் கோபித்துக்கொள்வாரா என்று கேட்டான். பதில் சொல்ல வாயைத் திறந்த எனக்கும் கொட்டாவி வந்துவிட்டது. இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் நெஞ்சு நிறைந்திருந்தது. இந்தப் பிள்ளைகளோடுதான் இனி என் காலம் என்று சந்தேகமில்லாமல் தெரிந்தது. வாலிபர் ஊழியத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றதும் போதகர் நேமானியிடம் போய் இதைத்தான் சொன்னேன். அவர் நல்ல மனிதர், என்னைக் குழந்தையில் தூக்கி வளர்த்தவர். பொறுமையாகக் கேட்டார்.

"மெரேயோனி, கொட்டாவிக் கதைக்கு யாரும்மா முன்னால வந்து முழங்கால் போடுவா? ஆண்டவர் உன்னை எந்தக் குழியிலேருந்து தூக்கினாருன்னு சொல்லணும். குழியே இல்லைன்னா எப்படித் தூக்குவாரு?"

பொய் சொல் என்று அவர் வாயால் சொல்லவில்லை. குடும்பத்தில் நடந்ததும் நம் சாட்சிதானே, ஒரே ரத்தம்தானே என்று மட்டும் சொன்னார். என்னோடு ஊழியத்துக்கு மனுப்போட்ட இருவரில் ஒருவன் சிறைக்குப் போனவன், இன்னொருவன் கத்திக்குத்து வாங்கியவன். அவர்கள் பாவங்களைப் பார்த்து நான் பொறாமைப்பட்டேன். பாவத்துக்கே பொறாமைப்படுகிற நிலைக்கு வந்தவள் அங்கேயே திரும்பிப் போயிருக்க வேண்டும்.

எங்கள் இனத்தில் அண்ணனும் தங்கையும் முகம் பார்த்துப் பேசிக்கொள்வது வழக்கமில்லை. பசையை விட்டு மில்லில் வேலைக்குச் சேர்ந்த வருடம் அண்ணன் அந்தக் காலையைப் பற்றி ஒரே ஒரு முறை சொன்னான். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மரவள்ளிக்கிழங்கு உரித்தபடி, சுவரிடம் சொல்வதுபோலச் சொன்னான். அவன் அப்படி நம்பிக் கொடுத்ததைத்தான் ராகிராகி முகாமில், ஒலிபெருக்கியில், கண்ணை மூடிக்கொண்டு அவிழ்த்துக் கொட்டினேன். அவன் அதே முகாமுக்குச் சமைக்க வந்திருந்தான். அடுப்படிக்குக் கேட்காது என்று நினைத்தேன். நினைத்தேனா, நினைக்கப் பிடித்திருந்ததா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் மதியம் சாப்பாட்டு வரிசையில் என் முறை வந்தபோது அவன் கரண்டியைக் கீழே வைத்தான். வாழ்நாளில் முதல்முறையாக என் முகத்தை நேராகப் பார்த்தான்.

"பசை மோந்தேன்னு சொல்லிக்கணும்னா சொல்லிக்கோ. அம்மாவை ஏன்டி இழுத்தே? அவ திரும்பிப் போனப்போ நான் முழிச்சிருந்தேன்னு அவளுக்குத் தெரியாது. ஆறு வருஷமா தெரியாமப் பாத்துக்கிட்டேன்."

எங்கள் தெருப் பெண் சாலோட்டேவும் முகாமில் இருக்கிறாளே, நாளை அவள் வீட்டுக்குப் போனால் என்ன ஆகும் என்று கேட்டான். பிறகு கரண்டியை எடுத்து எனக்கும் எல்லோரையும் போலக் கீரையும் கிழங்கும் வைத்தான். நான் தட்டைத் தொடாமலே வைத்துவிட்டு எழுந்தேன்.

பிற்பகல் கூட்டத்தில் நானே போய் மைக்கைக் கேட்டு வாங்கினேன். போதகருக்கு முகமெல்லாம் மலர்ச்சி.

"நேத்து நான் சொன்னது பொய்," என்றேன். "நான் பசை மோந்ததே இல்லை. எங்கம்மா யாரையும் பாத்தும் பாக்காமப் போனதில்லை."

கடைசியில் சொன்னதும் பொய்தான். ஒரு பொய்யைக் கழுவ இன்னொன்றைக் கரைத்து ஊற்றியிருந்தேன்.

கூச்சல் போடுவார்கள், இறங்கு என்பார்கள் என்று நின்றேன். கீபோர்டுக்காரன் மெல்ல வாசிக்க ஆரம்பித்தான், அழுகைக்கென்று வைத்திருக்கும் அந்த மெட்டை. போதகர் இரண்டு கைகளையும் தூக்கினார். எப்படி உடைந்து பேசுகிறாள் பாருங்கள், இதுதான் மனந்திரும்புதல், யாரெல்லாம் பொய் சொன்னீர்களோ முன்னால் வாருங்கள் என்றார். பிள்ளைகள் திமுதிமுவென்று வந்தார்கள். எனக்கு அவர்கள்மேல் அருவருப்பு வந்தது. பிறகு அது அவர்கள்மேல் இல்லை என்று புரிந்தது.

முதலில் ஓடிவந்தவள் சாலோட்டே. என் இடுப்பைக் கட்டிக்கொண்டு விம்மினாள். மூக்குச்சளி என் சட்டையில் ஈரமாகப் பரவியது. நான் குனிந்து, நேற்றுக் கேட்டதை வீட்டில் சொல்லிவிடாதே என்று அவள் காதில் கெஞ்சினேன்.

"நேத்தே போன்ல சொல்லிட்டேனே அக்கா. எங்கம்மா ஸ்பீக்கர்ல போட்டாங்க. உங்கம்மாவும் அங்கதான் பாய் முடைஞ்சுக்கிட்டு இருந்தாங்களாம். அப்படியே எந்திரிச்சுப் போயிட்டாங்களாம்."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அண்ணன் மேடையருகே வந்தான். நான் மைக்கில் சொன்னது மட்டும்தான் அவனுக்குக் கேட்டிருக்க வேண்டும், சாலோட்டே சொன்னது கேட்கவில்லை; முகம் தெளிந்திருந்தது. வழக்கப்படி பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, ஆவி பறக்கும் தேநீர்க் கோப்பையை என் பக்கமாக நீட்டினான்.