தொட்டுப் பார்க்கும் வகுப்பு

"பேசுறதுக்கா சம்பளம் தர்றாங்க?" என்று அன்றைக்கு முத்துப்பாண்டி கேட்டான்.

"சும்மா பேசுறதுக்கில்ல மச்சான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு மியூசியத்தச் சுத்திக் காட்டிப் பாடம் நடத்தணும். காலேசுல படிக்கிறவங்களுக்கு மட்டுந்தான் இந்த வேல. லீவு நாள்ல போனாப் போதும், மாசாமாசம் பேங்குல போட்டுருவாங்க."

"இத்தன வருசமா எங்க காத ஓசியில தின்ன. இனிமே சம்பளத்துக்குத் திங்கப் போறியாக்கும்."

முந்தல் கிராமத்தில், காளீஸ்வரியின் வீட்டு முன்னால் ஜீப்பு டயரை மாட்டிக்கொண்டே அவன் சிரித்தான். சிரிப்பு அடங்கியதும் தலையைத் தூக்காமல் சொன்னான். "தை பொறந்ததும் அப்பா பரிசத் தட்டோட வர்றாராம். அத்தைகிட்டச் சொல்லிட்டாரு."

காளீஸ்வரிக்கு அந்த இடத்தில் சொல்ல ஒன்று இருந்தது. "பஸ்சுக்கு நேரமாச்சு மச்சான்" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தாள்.

அது ஆவணியில் நடந்த பேச்சு. இப்போது கார்த்திகை பிறந்துவிட்டது. சொல்ல வந்ததை அவள் இன்னும் சொல்லவில்லை.

விசயம் இதுதான். அருங்காட்சியகம் நடத்துவதற்கென்றே சென்னையில் ஒரு படிப்பு இருக்கிறது. இரண்டு வருடம். வரலாறு மூன்றாம் வருடம் படிக்கிற காளீஸ்வரிக்கு அதில் சேர வேண்டும். அதற்குக் கல்யாணம் தள்ளிப்போக வேண்டும். முத்துப்பாண்டி தாய்மாமன் மகன், முறை மாப்பிள்ளை. பிடிக்காதவன் என்றால் ஒரே வார்த்தையில் மறுத்திருப்பாள். பிடித்தவனிடம் போய்க் காத்திரு என்று எப்படிச் சொல்வது? சொல்லி, அவன் முகம் வாடிவிட்டால்?

கார்த்திகையின் முதல் சனிக்கிழமை அவளுக்கு இன்னொரு சோதனையும் சேர்ந்தே வந்தது.

போடியில் ஏலக்காய் மூட்டைகளை அடுக்கிவைத்த பழைய கிட்டங்கி ஒன்றை ஓர் அறக்கட்டளை எடுத்து மியூசியமாக மாற்றியிருந்தது. காய் தரம் பிரிக்கும் சல்லடைகள், உலர்த்தும் தட்டுகள், மழைக்காலத்தில் தோட்டத்து ஆட்கள் போர்த்திக்கொண்ட கம்பளி என்று நிறையச் சேர்த்து வைத்திருந்தார்கள். அதன் பொறுப்பாளர் ஜோதி மேடம். "இன்னைக்கு நான் பின்னால உக்காந்து பார்ப்பேன். வகுப்பு நல்லா அமைஞ்சா சென்னைப் படிப்புக்கு உன் பேரத்தான் சொல்லப் போறேன். செலவு நம்ம அறக்கட்டளையோடது" என்று காலையிலேயே சொல்லிவிட்டார்.

மலையடிவாரக் குரங்கணிப் பள்ளியின் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் வந்து இறங்கினார்கள். கூட்டி வந்தது முத்துப்பாண்டியின் ஜீப்பு. பிள்ளைகளை எண்ணி உள்ளே அனுப்பிவிட்டு அவனும் வாசல் நிலையில் சாய்ந்துகொண்டான்.

காளீஸ்வரி சுளகு நிறையப் பச்சை ஏலக்காயை நடுவில் வைத்தாள். "ஆளுக்கு ஒரு கை அள்ளுங்க. கண்ண மூடி மோந்து பாருங்க."

போன வாரம் டவுன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இதே சுளகைக் கவிழ்க்காத குறையாக அள்ளினார்கள். இன்றைக்கு ஒரு கைகூட நீளவில்லை. பிள்ளைகள் எல்லாரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள்.

"எடுங்கப்பா. ஒண்ணும் சொல்ல மாட்டோம்."

முன்வரிசையில் நின்ற பானுப்பிரியா என்ற சிறுமி ஒரு அடி பின்னால் போனாள். "வேணாங்க்கா. காயத் தொட்டா எங்கம்மாவ நாளைக்கு வேலைக்குக் கூப்பிட மாட்டாங்க."

காளீஸ்வரிக்குச் சுருக்கென்றது. அவளுடைய அம்மா சுருளியம்மாளும் மலைக்குக் காய் எடுக்கப் போகிறவள்தான். சாயங்காலம் எடை போட்டு முடிந்ததும், காய் எதையும் ஒளிக்கவில்லை என்று தூக்குச்சட்டியைத் திறந்து காட்டி, மடியை உதறிக் காட்டி, கொண்டையைக்கூடத் தொட்டுக் காட்டிய பிறகுதான் ஜீப்பில் ஏற விடுவார்கள். பள்ளிக்கூட லீவில் அம்மாவோடு மலைக்குப் போன நாளில் அவள் கற்ற முதல் பாடமே காயில் கை வைக்காதே என்பதுதான். டவுன் பிள்ளைகளோடு இத்தனை நாள் பழகியதில் அது எப்படி மறந்துபோனது? தொடு என்றால் இவர்கள் தொட்டுவிடுவார்கள் என்று எந்தக் கிறுக்கி நினைத்தாள்?

ஜோதி மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

பிள்ளைகளை வற்புறுத்த அவளுக்கு மனசு வரவில்லை. சுளகின் முன் உட்கார்ந்து, ஒரு கை காயை அள்ளித் துப்பட்டாவின் நுனியில் முடிந்தாள். நாலைந்தைப் பின்னலுக்குள் செருகினாள். எழுந்து நின்றாள்.

"இப்ப நான் காய் எடுக்குறவ. பொழுது சாஞ்சிருச்சு, வீட்டுக்குக் கெளம்புறேன். நீங்கதான் சூப்பர்வைசரு. விடுவீங்களா?"

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பானுப்பிரியா மெதுவாகக் கையை இடுப்பில் வைத்தாள். குரலைக் கட்டையாக்கிக்கொண்டாள்.

"ஏத்தா, நில்லு. எங்க வெரசா போற?"

"பிள்ள அழுகுதுய்யா."

"தெனமும் ஒம்பிள்ளதான் அழுகுது. தூக்குச்சட்டியத் தொற."

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். இன்னொருத்தி பின்னலைப் பிடித்தாள். காய் இரண்டு உதிர்ந்தது. "துப்பட்டாவ உதறச் சொல்லு" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. உதறினாள். காய் தரையெங்கும் சிதற, பொறுக்குவதற்குப் பிள்ளைகள் அத்தனை பேரும் விழுந்தடித்துக்கொண்டு குனிந்தார்கள்.

"டிரைவர் அண்ணன் பையிலயும் பாருங்க. அவரு மொகமே சரியில்ல" என்றாள் பானுப்பிரியா.

முத்துப்பாண்டி இரண்டு கையையும் தூக்கினான். "தாயி, நான் வண்டி ஓட்டுறவன். எஞ்சோலிய நான் பாக்குறேன்."

சிரிப்பு ஓய்ந்தபோது எல்லார் உள்ளங்கையிலும் ஏலக்காய் இருந்தது. காளீஸ்வரி அவர்களோடு தரையில் உட்கார்ந்தாள். "இப்ப மோந்து பாருங்க. இங்க யாரும் யாரையும் சோதிக்க மாட்டாங்க."

"எங்கம்மா சேல இப்பிடித்தான் நாறும்" என்றது ஒரு பிள்ளை. அப்புறம் நிறுத்த முடியவில்லை. அட்டை கடித்த கதை, ஜீப்பு பஞ்சரான கதை, மழையில் நனைந்த சோற்றை அம்மா அப்படியே சாப்பிட்ட கதை என்று வந்துகொண்டே இருந்தது. எந்தச் சல்லடை எதற்கு என்று அவள் காட்டியபோது ஒருத்தரும் வேறு பக்கம் திரும்பவில்லை.

பிள்ளைகள் ஜீப்பில் ஏறும்போது ஜோதி மேடம் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். "இந்த வகுப்ப நான் யோசிச்சிருக்க மாட்டேன். உன் பேரச் சொல்லிர்றேன். ஆனா திங்கக்கிழம வீட்டுச் சம்மதத்தோட வா. இல்லேன்னா அடுத்த ஆளுக்குக் குடுக்கணும்."

வீட்டுச் சம்மதம் என்றால் அம்மா ஒருத்தி சொன்னால் போதாது. அம்மா எப்போதும் மாமாவின் முகத்தைத்தான் பார்ப்பாள். மாமா மகனின் முகத்தைப் பார்ப்பார்.

"ஏறு காளி. முந்தல்ல எறக்கி விடுறேன்" என்றான் முத்துப்பாண்டி.

பின்னால் பிள்ளைகள் சூப்பர்வைசர் விளையாட்டைத் தொடர்ந்துகொண்டிருந்தார்கள். முன்னால் மலை மேகத்தை இழுத்துப் போர்த்திக்கொண்டிருந்தது. அவன் சாலையைப் பார்த்தபடி சொன்னான். "நீ வகுப்பு எடுத்து இப்பத்தான் பாக்குறேன். அந்தப் பிள்ளைக ஒன்ன விட்டுப் பிரிய மாட்டேன்னுச்சுக."

"பயந்துட்டேன் மச்சான். மொதல்ல ஒருத்தரும் தொடலைல்ல."

"தெரியும். வெளிய நின்ன எனக்கே வேர்த்துருச்சு."

அவளுக்காக அவனுக்கு வேர்த்திருக்கிறது. அதைக் கேட்டதும் இவனிடம் சொல்லிவிடலாம் என்று அவளுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

முந்தல் வந்தது. ஜீப்பு நின்றது. அவள் இறங்கவில்லை.

"அக்கா, ஒங்க வீடு வந்துருச்சாம்ல" என்றாள் பானுப்பிரியா.

முத்துப்பாண்டி காளீஸ்வரியைத் திரும்பிப் பார்த்தான். பிறகு சாவியைத் திருகி இஞ்சினை நிறுத்தினான். "என்ன புள்ள?"

காளீஸ்வரி துப்பட்டாவின் நுனியைக் கைக்குள் இறுக்கிக்கொண்டாள். இந்த முறை அவன் முகத்தைப் பார்த்தே பேசினாள்.

"மச்சான், சென்னையில ரெண்டு வருசம் படிக்கணும்னு எனக்கு ஆச. மியூசியம் நடத்துற படிப்பு. எனக்கு எடம் கெடைக்கும்போல இருக்கு. தை மாசம் வேணாம்னு மாமாகிட்ட நீதான் சொல்லணும். படிச்சு முடிச்சு வர்ற வரைக்கும் எனக்காகக் காத்திருக்கியா?"